திபெத்திய ‘மாதுளை ஐந்து’ சூரணம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

சோவா ரிக்பா எனப்படும் திபெத்திய மருத்துவம் உடலின் இயக்கத்தை லுங், திரிபா, பெகன் என மூன்றாகப் பகுக்கிறது. இவை ஏறத்தாழ நாம் கூறும் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றுக்கு இணையானவை. உண்ட உணவைச் செரிக்கும் வெப்பம் குறைந்து, செரியாமை நாள்பட்டுப் போவதே உள்நோய்கள் பலவற்றுக்கும் வேர் என்பது அம்மருத்துவத்தின் அடிப்படைக் கருத்து. அந்த வெப்பத்தை மீட்பதற்கென அமைந்ததே ‘மாதுளை ஐந்து’.

முதல் படி, அரைப்பதன்று. கோளாறின் தன்மையை அறிவது. உண்டபின் வயிறு கனத்து உப்புதல், பசியின்மை, வயிற்றில் குளிர்ச்சி ஆகியவை இருந்தால் அது இச்சூரணத்துக்குரிய குளிர்ந்த செரியாமை. வாய்க்கசப்பு, தாகம், காய்ச்சல், வாடை மிகுந்த மஞ்சள் சிறுநீர் ஆகியவை பித்தச் சூட்டின் அடையாளங்கள். அதற்கு இமயமலையில் விளையும் ‘திக்தா’ போன்ற கசப்பு மூலிகைகளையே திபெத்திய மருத்துவர்கள் கொடுப்பர். சூட்டுக்குச் சூடான மருந்தைக் கொடுப்பது நோயை வளர்க்கும் என்பதால், இந்தப் படியை யாரும் தாண்டிவிடக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். மருத்துவரோ நாடி, நாக்கு, சிறுநீர் ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்வார்.

அடுத்து, சரக்குகள்: உலர்ந்த மாதுளை விதை, இலவங்கப்பட்டை, ஏலக்காய், திப்பிலி, செந்துருக்கப் பூ (குசும்பப் பூ). சில மருந்துக் குறிப்புகளில் ஐந்தாவதாகச் செந்துருக்கத்துக்குப் பதில் அரத்தை இடம்பெறும். ஏலமும் திப்பிலியும் குளிர்ந்த பீடபூமியில் விளைவதில்லை. வெப்பநாடுகளிலிருந்து வணிகர் வழியாகவே அவை அங்கு சென்றன. அளவில் மாதுளையே முதன்மை. 40 கிராம் மாதுளை விதைக்கு மற்ற நான்கும் தலா 5 கிராம் என்பது வீட்டுப் பயிற்சிக்காக நான் கொள்ளும் அளவேயன்றி, மருத்துவச் சூத்திரமன்று. வட இந்திய மளிகைக் கடைகளில் ‘அனார்தானா’ என்று விற்கும் புளிப்பு விதை இதற்கு ஏற்றது.

மாதுளை விதை பிசுபிசுப்பானது. ஆகவே அதனை இளஞ்சூட்டில் ஈரம் போகும்வரை வறுத்து, முற்றிலும் ஆறிய பிறகு பூவுடன் சேர்த்து அரைக்க வேண்டும். சூடாக அரைத்தால் கட்டிபட்டுவிடும். பட்டை, ஏலம், திப்பிலி மூன்றையும் வறுக்காமல் தனியே பொடித்து, இரண்டையும் கலந்து மெல்லிய துணியில் சலித்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைக்கலாம்.

உணவுக்குப் பின் கால் தேக்கரண்டிப் பொடியைக் காய்ச்சிய வெந்நீரில் கலந்து பருகலாம். கர்ப்பிணிகள், வயிற்றுப் புண் உள்ளோர், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்போர் ஆகியோர் இதனைத் தவிர்க்க வேண்டும். மஞ்சள் காமாலையோ, பித்தப்பைக் கல்லின் வலியோ இருந்தால் சூரணத்தை நாடாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். திபெத்திய முறையிலேயே சிகிச்சை பெற விரும்புவோருக்கு, 1916இல் லாசாவில் தொடங்கி, 1961இல் தர்மசாலாவில் மீண்டும் நிறுவப்பட்ட மென்-சீ-காங் நிறுவனத்தின் மருத்துவர்கள் இந்தியாவிலேயே உள்ளனர்; 2010இல் இந்திய அரசும் சோவா ரிக்பாவைச் சட்டப்படி அங்கீகரித்துள்ளது.