பி.எஃப். பென்ஷன்: முன்கூட்டியே வாங்கவா, 58-இல் வாங்கவா, 60 வரை பொறுக்கவா?

நம்ம குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் (முந்திரிக் கொட்டை ஆலை), ரப்பர் தோட்டம், ஜவுளிக்கடை, தனியார் பள்ளி என்று பி.எஃப். பிடிக்கிற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஐம்பது வயது தாண்டியதும் "இப்பவே பென்ஷனுக்கு எழுதிப் போட்டுரலாமா?" என்ற பேச்சு வந்துவிடும். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தாரோ அதையே செய்கிறார்கள். அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.

இங்கே பேசப்போவது 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், அதாவது இ.பி.எஸ். பற்றி மட்டும். அரசு ஊழியர் பென்ஷனும் முதியோர் உதவித்தொகையும் வேறு விஷயம்.

படி 1: எத்தனை வருஷ சேவை என்று பாருங்கள்

வயதைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) வைத்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால், மாதாமாதம் மூன்று தொகை இருக்கும்: உங்கள் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் பங்கு. அந்த மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. சம்பளம் 10,000 என்றால் அதில் 833 ரூபாய் ஏறியிருக்கும். சம்பளத்தில் 8.33 சதவீதம் முதலாளி பங்கிலிருந்து பிரிந்து அங்கே போகிறது. வேலையில்லாத நாட்கள் சேவையிலிருந்து கழியும். அண்டி ஆபீஸில் கொட்டை வராமல் பூட்டிக் கிடந்த மாதங்களை இங்கே கவனித்துப் பாருங்கள்.

ஒரு ஆபீஸ் விட்டு இன்னொரு ஆபீஸ் மாறியவர்களுக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே யு.ஏ.என்.-க்கு மாற்றினால்தான் சேவை ஒன்றாகக் கூடும். மாதப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷ சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் முழு வருஷமாகவே எடுத்துக்கொள்வார்கள். எட்டு, ஒன்பது வருஷத்தில் வேலையை விட்டவர்கள் படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் வழித்து எடுத்துவிடுவதைப் பார்க்கிறேன். அவசரச் செலவு யாருக்கும் வரும், சரி. ஆனால் அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்தால், அடுத்த வேலையில் அந்த வருஷங்கள் தொடரும். எடுத்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

படி 2: கணக்குப் போடுங்கள்

கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன் வரும். 2014 செப்டம்பர் முதல் இந்தச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு 15,000 ரூபாய். 20 வருஷ சேவையோடு 58 வயதில் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருஷம் போனஸாகச் சேரும்.

மார்த்தாண்டம் பக்கம் 2005-இல் வேலைக்குச் சேர்ந்த ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். சராசரிச் சம்பளம் 10,000. 55 வயதில் சேவை 18 வருஷம். அப்போதே வேலையை விட்டால் 18 × 10,000 ÷ 70, அதாவது 2,571 ரூபாய். மூன்று வருஷம் சமாளித்து 58 வரை போனால் சேவை 21, போனஸோடு 23. பென்ஷன் 3,286 ரூபாய்.

படி 3: மூன்று வழிகளையும் ஒப்பிடுங்கள்

வேலையை விட்டவர்கள் 50 வயதிலிருந்தே பென்ஷன் வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள், அந்தப் பிடித்தம் ஆயுள் முழுக்க நிற்கும். நம் அக்கா 55-இலேயே வாங்கினால் சுமார் 12 சதவீதம் போய் 2,260 ரூபாய் பக்கம் வரும்.

இதைக் கேட்டதும் "ஐயோ, நஷ்டம்" என்று பதறத் தேவையில்லை. வேலையை எப்படியும் விட்டாயிற்று என்றால், 58 வரை காத்திருப்பதால் மாதம் 311 ரூபாய்தான் கூடும். அந்த மூன்று வருஷத்தில் கைக்கு வந்திருக்கக்கூடிய தொகையோ 81,000-க்கு மேல். அதை ஈடுகட்ட 58-க்குப் பிறகு 22 வருஷம் ஆகும். முட்டி தேய்ந்து இனி உட்கார்ந்து கொட்டை உடைக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர் முன்கூட்டியே வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. உடம்பு ஒத்துழைக்கிறவர், அதுவும் 20 வருஷத்தைத் தொடப்போகிறவர், வேலையை விடாமல் இருப்பதுதான் லாபம். 2,260-க்கும் 3,286-க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி சேவை வருஷத்தால் வந்தது.

58-ஐத் தாண்டி 60 வரை தள்ளிப்போடவும் 2016 முதல் வழி இருக்கிறது. 59-இல் 4 சதவீதம், 60-இல் 8.16 சதவீதம் கூடும். 3,286 ரூபாய் 3,554 ஆகும். ஆனால் இரண்டு வருஷத்தில் விட்டுக்கொடுப்பது கிட்டத்தட்ட 79,000. அதைத் திரும்பப் பிடிக்க 84 வயது தாண்ட வேண்டும். விருப்பம் கொடுத்து அந்த இரண்டு வருஷமும் பென்ஷன் பங்கு கட்டினால் சேவையும் கூடும், அப்போது கணக்கு கொஞ்சம் மாறும். இல்லையென்றால் என் யோசனை, 58-இல் வாங்கிவிடுங்கள். வேலையில் இருந்துகொண்டே வாங்கலாம், சம்பளம் நிற்காது. இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படியும் கிடையாது, பொறுத்து வாங்குகிற ரூபாயின் மதிப்பு குறைந்துகொண்டேதான் போகும்.

கணக்கில் 1,000-க்குக் கீழே வருகிறதா? 58-இல் வாங்குபவருக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் உண்டு.

படி 4: பெயரைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்

படிவம் 10டி. இணையத்திலேயே போடலாம், முடியாதவர்கள் நாகர்கோவில் வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போகலாம். விண்ணப்பம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இனிஷியலில்தான். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், பி.எஃப்.-இல் ஒரே எழுத்து, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் எழுத்து. பிறந்த தேதியும் வேலையை விட்ட தேதியும் இதே கதைதான். 58 ஆக ஒரு வருஷம் இருக்கும்போதே இவற்றைத் திருத்தத் தொடங்குங்கள்.

கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ கேட்பார்கள். பென்ஷன்தாரர் காலமானால் துணைவருக்குப் பாதித் தொகை போகும், அதற்காகத்தான். பென்ஷன் வரத் தொடங்கிய பிறகு வருஷம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நவம்பரில்தான் என்று இல்லை, எந்த மாதமும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும்.