சுவர் ஊறுகிறதா? டைல்ஸை உடைக்கும் முன்...

சுவரில் ஈரம் படர்ந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். இரவு படுக்கும்முன் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் உள்பக்கம் நீர்மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலையில் யாரும் தண்ணீர் புழங்கும் முன் போய்ப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் தொட்டியடி கேட் வால்வை அடைத்துவிட்டு இதையே செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் ஒழுகுவது தொட்டிதான். இறங்காவிட்டால் கீழே போகும் குழாய். பழைய வால்வுகள் சில சமயம் முழுதாக மூடாது, அதையும் கவனியுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஃப்ளஷ் டேங்கைச் சோதித்துவிடுங்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலு சொட்டு அதில் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. எங்கள் வீட்டில் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தோம், தொட்டி காலியானதற்குக் காரணம் இந்த வாஷர்!

சரி, மட்டம் இறங்கவே இல்லை, சுவர் மட்டும் ஊறுகிறதா? அப்படியென்றால் கழிவுநீர்க் குழாயையோ பாத்ரூம் தரையையோ சந்தேகப்படுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் ஊறினால் முதலில் மொட்டைமாடியைச் சந்தேகப்படுங்கள்.