வரி, கோபம், பழைய போர்: அமெரிக்கக் கட்சி அரசியலைப் பிரித்துப் படிக்கும் முறை

ரிபப்ளிகன் என்றால் தடையற்ற வணிகம், டெமாக்ரட் என்றால் தொழிலாளர் பாதுகாப்பு. இப்படி இரண்டு கட்டம் போட்டுக்கொண்டு அமெரிக்கச் செய்திகளைப் படிப்பவர்கள் சீக்கிரமே குழம்பிப்போவார்கள். 1890-ல் உயர்ந்த இறக்குமதி வரிதான் ரிபப்ளிகன் கட்சியின் கொடி. வரியைக் குறை என்று கேட்டது டெமாக்ரட் கட்சி. நூறு ஆண்டு கழித்து, 1993-ல், மெக்சிகோ, கனடாவுடனான நாஃப்டா ஒப்பந்தத்தைக் கரை சேர்த்தவை பெரும்பாலும் ரிபப்ளிகன் வாக்குகள். 2018-ல் இறக்குமதி எஃகுக்கு 25 சதவீத வரி போட்டவர் ரிபப்ளிகன் அதிபர். சீன மின்சாரக் கார்களுக்கு 2024-ல் 100 சதவீத வரி அறிவித்தவர் டெமாக்ரட் அதிபர்.

கட்சிப் பெயரை வைத்துக் கொள்கையைச் சொல்ல முடியாது. அந்தந்தக் காலத்தில் அந்தக் கட்சிக்குள் எந்தெந்த ஊர், எந்தெந்தத் தொழில், எந்தெந்த நினைவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் கணிப்பு இது: வணிகம் குறையை உண்டாக்குகிறது, ஜனரஞ்சக அரசியல் (ஆங்கிலத்தில் பாப்புலிசம்) அந்தக் குறைக்கு ஓர் எதிரியைக் காட்டுகிறது, யாருடன் சேர்ந்து வாக்களிக்க மனம் வரும் என்பதைப் பழைய போர் முடிவு செய்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும்.

கையில் வேண்டியவை

நான்கு தரவுகள் போதும், எல்லாம் இலவசம். முதலாவது, பெயர்வாரி வாக்குப்பதிவு. பிரதிநிதிகள் சபை எழுத்தர் அலுவலகத் தளத்தில் 1990 முதலும், செனட் தளத்தில் 1989 முதலும் ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்பது இருக்கிறது. இரண்டாவது, கவுன்ட்டிவாரித் தேர்தல் முடிவு (கவுன்ட்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு); மாநில மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லாதீர்கள். மூன்றாவது, எந்தக் கவுன்ட்டியில் எந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று சென்சஸ் பணியகம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘கவுன்ட்டி பிசினஸ் பேட்டர்ன்ஸ்’ அட்டவணை. நான்காவது, கட்சிகளின் கொள்கை அறிக்கைகள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் 1840 முதலானவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறது. அறிக்கையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால், கட்சி தன்னைப் பற்றிச் சொல்வதையே நம்பத் தோன்றும்.

1892-ஐ முதலில் படியுங்கள்

இன்றைய தேர்தலைத் தொடும் முன் இந்த ஓர் ஆண்டைப் புரிந்துகொள்வது நல்லது. மூன்று இழைகளும் அப்போது ஒரே முடிச்சில் கிடந்தன.

நிலையான வருமான வரி வருவதற்கு முன், மத்திய அரசின் பெரிய வருவாய் சுங்க வரிதான். வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல் உயர்த்தப்பட்ட வரி, போர் முடிந்தும் இறங்கவில்லை. பென்சில்வேனியாவின் எஃகு ஆலைக்கு அது அரண். கஜானாவில் பணம் மிஞ்சியது. மிஞ்சிய பணம், வடக்குப் படையில் போரிட்டவர்களுக்கு ஓய்வூதியமாகப் போனது. வரியை மேலும் ஏற்றிய மெக்கின்லி சட்டமும், ஓய்வூதியத்தை விரித்த சட்டமும் ஒரே ஆண்டில், 1890-ல், வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் மத்திய அரசுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஓய்வூதியமே விழுங்கியது. தெற்குப் படையில் இருந்தவர்களுக்கு அதில் ஒரு காசு கிடையாது.

இப்போது ஜார்ஜியாவின் பருத்தி விவசாயியின் இடத்தில் நின்று பாருங்கள். பருத்தியை உலகச் சந்தை விலைக்கு விற்கிறார், வரியால் விலையேறிய சாமானை வாங்குகிறார், ஓய்வூதியமும் இல்லை. கான்சஸ் கோதுமை விவசாயிக்கும் கிட்டத்தட்ட அதே நெருக்கடி: ரயில் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது, தங்கத்தோடு கட்டப்பட்ட டாலரால் விளைபொருள் விலை இறங்குகிறது, வாங்கிய கடனின் பாரம் ஏறுகிறது. இருவரையும் ஒரே கொடியின் கீழ் கொண்டுவரத்தான் மக்கள் கட்சி பிறந்தது. ‘பாப்புலிஸ்ட்’ என்ற சொல் அக்கட்சிக்காரர்களைக் குறிக்க வந்ததுதான். 1892 ஜூலை 4-ல் ஒமாஹா நகரில் அவர்கள் வெளியிட்ட அறிக்கை வெள்ளி நாணயம், படிநிலை வருமான வரி, ரயில்வேயை அரசே நடத்துவது ஆகியவற்றைக் கேட்டது. அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் வடக்குப் படை அதிகாரி. துணை அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் ஃபீல்ட் தெற்குப் படையில் போரிட்டுக் காலை இழந்தவர். போரின் காயத்தை ஆற்றவே அந்த ஜோடி.

முடிவில் 22 எலெக்டோரல் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் வாக்குகள்) கிடைத்தன. எல்லாம் கான்சஸ், கொலராடோ, இடாஹோ, நெவாடா, வடக்கு டகோட்டா, ஓரிகான் பக்கம். தெற்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. குறை ஒன்றுதான், ஆனால் வடக்குப் படை அதிகாரி ஒருவருக்கு, அதுவும் வெள்ளையர் ஆதிக்கத்தைக் கட்டிக்காத்த டெமாக்ரட் கட்சியை விட்டுவிட்டு, வாக்களிக்கத் தெற்கு முன்வரவில்லை. கறுப்பின விவசாயிகளோடு கூட்டணி என்று பேசியவர்கள் மிரட்டலையும் வாக்கு மோசடியையும் சந்தித்தார்கள். பொருளாதாரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஜார்ஜியாவும் கான்சஸும் ஒன்றாகப் போயிருக்க வேண்டும். கணக்கு எங்கே தவறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

வணிகத்தைப் பிரிப்பது

ஒரு கவுன்ட்டியை எடுத்ததும் கேட்க வேண்டியது: இந்த ஊர் வெளிநாட்டுக்கு விற்கிறதா, வெளிநாட்டுப் பொருளோடு போட்டியிடுகிறதா, வந்து இறங்கும் சரக்கைக் கையாண்டு பிழைக்கிறதா? அயோவாவின் சோயா முதல் வகை. வட கரோலினாவில் ஹிக்கரியைச் சுற்றியுள்ள மரச்சாமான் ஆலைகள் இரண்டாவது. லாங் பீச் துறைமுகம் மூன்றாவது. ஒரே கவுன்ட்டியில் இரண்டு வகை இருந்தால், எதில் ஆள் அதிகம் என்று பாருங்கள். விற்றுமுதல் பெரிதாக இருந்தாலும் வாக்குப் போடுவது ஆட்கள்தான்.

அடுத்து வாக்குப்பதிவு. நாஃப்டா 234-க்கு 200 என்று நிறைவேறியது. ரிபப்ளிகன்களில் 132 பேர் ஆதரவு, 43 பேர் எதிர்ப்பு. டெமாக்ரட்களில் 102 ஆதரவு, 156 எதிர்ப்பு. அதிபர் கிளின்டன் அவர்கள் கட்சிக்காரர் என்பதை மறக்க வேண்டாம். 2000-ல் சீனாவுக்கு நிரந்தர வணிக உறவு தரும் மசோதாவிலும் இதே சாயல்: 237-க்கு 197, அதில் டெமாக்ரட் ஆதரவு 73 மட்டுமே. கட்சித் தலைமை ஒரு பக்கம், தொகுதி மறுபக்கம் என்று பிளவு தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். பதினைந்து இருபது ஆண்டு கழித்து அங்கேதான் தரை நகரும். 2000-ல் சுமார் 1.7 கோடியாக இருந்த தொழிற்சாலை வேலைகள் 2010-ல் 1.15 கோடி அளவுக்கு இறங்கியிருந்தன. தானியங்கி இயந்திரங்களுக்கும் 2008 சரிவுக்கும் இதில் பங்கு உண்டு. முழுப் பழியையும் சீனாமேல் போட்டால் கணக்கு தப்பும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நெருக்கமான வாக்கெடுப்பில் ‘எதிர்ப்பு’ என்று பதிவானதெல்லாம் உண்மையான எதிர்ப்பு அல்ல. வெற்றிக்குத் தேவையான எண்ணிக்கை சேர்ந்ததும், ஊரில் அடிவாங்கக்கூடிய உறுப்பினர்களைத் தலைமையே ‘நீ எதிர்த்துப் போட்டுக்கொள்’ என்று விட்டுவிடும். 2005-ல் மத்திய அமெரிக்க வணிக ஒப்பந்தம் 217-க்கு 215 என்று தப்பியது. 15 நிமிட வாக்கெடுப்பை ஒரு மணி நேரம் இழுத்து ஆள் திரட்டினார்கள். இப்படிப்பட்ட பதிவில் ஓர் உறுப்பினரின் மனத்தைத் தேடாதீர்கள். அவருடைய தொகுதியின் பயத்தைத் தேடுங்கள், அது கிடைக்கும்.

வாக்கெடுப்பே இல்லாத வரிகளும் உண்டு. இறக்குமதி வரி போடும் அதிகாரத்தை அரசியலமைப்பு காங்கிரசுக்குத்தான், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத்தான், தந்திருக்கிறது. ஆனால் 1934 முதல் காங்கிரஸ் அதைத் துண்டு துண்டாக அதிபரிடம் ஒப்படைத்து வந்திருக்கிறது. 2018 எஃகு வரிக்கு 1962 சட்டத்தின் 232-ஆம் பிரிவு. சீனப் பொருள்களுக்கு 1974 சட்டத்தின் 301-ஆம் பிரிவு. அப்போது வரியால் அடிபடும் நாடுகளின் பதிலடிப் பட்டியலைப் படியுங்கள். அது ஏறத்தாழ ஒரு தேர்தல் வரைபடம். 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் குறிவைத்தவற்றில் பர்பன் விஸ்கியும் ஹார்லி டேவிட்சன் பைக்கும் இருந்தன. முதலாவது செனட் பெரும்பான்மைத் தலைவரின் கென்டக்கி, இரண்டாவது பிரதிநிதிகள் சபை சபாநாயகரின் விஸ்கான்சின். சீனா சோயாவைத் தொட்டது. உடனே வாஷிங்டன் விவசாயிகளுக்கு 2018-ல் 1,200 கோடி டாலர் வரையும், 2019-ல் 1,600 கோடி டாலர் வரையும் உதவி அறிவித்தது. வரியால் ஒரு தரப்புக்கு அரண், அதனால் அடிபடும் சொந்த ஆதரவாளர்களுக்குக் கஜானாவிலிருந்து மருந்து. 1890-ஐப் படித்தவருக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது.

கோபத்தைப் பிரிப்பது

‘ஜனரஞ்சகம்’ என்று ஒட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. யார் ‘மக்கள்’, யார் குற்றவாளி, என்ன தீர்வு என்று மூன்றையும் எழுதிப் பாருங்கள். 2008 செப்டம்பர் 29-ல் வங்கிகளைக் காக்கும் 70,000 கோடி டாலர் மசோதா முதல் சுற்றில் 228-க்கு 205 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 133 ரிபப்ளிகன்கள், 95 டெமாக்ரட்கள். ஒரே கோபம். அதிலிருந்து 2009-ல் டீ பார்ட்டி இயக்கம் எழுந்து அரசுச் செலவைக் குற்றவாளி என்றது. 2011-ல் எழுந்த ஆக்குபை வால் ஸ்ட்ரீட் போராட்டம் பெரும் பணக்காரர்களைச் சொன்னது. ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் யாரைச் சேர்த்தார்கள், யாரை வெளியே விட்டார்கள் என்பதுதான் இரண்டையும் வெவ்வேறு கட்சிகளுக்குள் தள்ளியது.

இரண்டு பெரிய கட்சிகளையும் சாராத மூன்றாவது வேட்பாளரின் சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 1968-ல், இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமா முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவீதம் வாங்கி 46 எலெக்டோரல் வாக்குகள் பெற்றார். 1992-ல் நாஃப்டாவை எதிர்த்த தொழிலதிபர் ராஸ் பெரோ 18.9 சதவீதம் வாங்கியும் ஒன்றும் பெறவில்லை. வாலஸின் ஆதரவு தெற்கில் குவிந்து கிடந்தது, பெரோவுடையது நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. பார்க்க வேண்டியது, அந்த வாக்கை அடுத்து எந்தப் பெரிய கட்சி விழுங்குகிறது என்பதை. 1896-ல் டெமாக்ரட்கள் வெள்ளி நாணயத்தை ஆதரித்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தி மக்கள் கட்சியை விழுங்கினார்கள், தேர்தலில் தோற்றார்கள். ஆனால் ஒமாஹாவில் கேட்ட வருமான வரியும், செனட்டர்களுக்கு நேரடித் தேர்தலும் 1913-ல் அரசியலமைப்புத் திருத்தங்களாகவே வந்துவிட்டன.

போரைப் பிரிப்பது

போர் முடிந்த தேதியை விடுங்கள். யார் போனார்கள், யார் பணம் கட்டினார்கள், யார் ‘ஆம்’ என்று வாக்களித்தார்கள் என்பதைப் பாருங்கள். கட்டாய ஆள்சேர்ப்பு இருந்த வியட்நாம் போர் எல்லா ஊர் வீட்டுக் கதவையும் தட்டியது. 1968 மார்ச் 31-ல் அதிபர் ஜான்சன் தேர்தல் போட்டியிலிருந்தே விலகினார். 1973-ல் ஆள்சேர்ப்பு நின்ற பிறகு போரின் சுமை ராணுவக் குடும்பங்கள் நிறைந்த சில ஊர்களின் தலையில் விழுந்தது. தேசியக் கருத்துக் கணிப்பில் அது தெரியாது.

இராக் போர் அனுமதி 2002 அக்டோபரில் செனட்டில் 77-க்கு 23 என்று நிறைவேறியது. 29 டெமாக்ரட்கள் ஆதரவு. அந்த 29 பேரில் கெர்ரி, ஹிலாரி கிளின்டன், பைடன் மூவரும் உண்டு. அந்தக் கடன் 2008-ல் கட்சி வேட்பாளர் போட்டியில் ஒபாமாவிடம் ஹிலாரி தோற்றபோது வசூலானது. ரிபப்ளிகன் முகாமில் அது 2016 பிப்ரவரி வரை காத்திருந்தது. ராணுவத் தளங்கள் நிறைந்த தெற்கு கரோலினாவில், விவாத மேடையில் நின்று, இராக் போர் பெரிய தவறு என்றார் டிரம்ப். ஒரு வாரம் கழித்து அந்த மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலை வென்றார். போரில் உறவுகளை அனுப்பியவர்கள் போரை ஆதரித்தே தீருவார்கள் என்ற எண்ணம் அங்கே செல்லவில்லை.

மூன்றையும் சேர்ப்பது: மெக்கோம் கவுன்ட்டி

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டிய இந்தக் கவுன்ட்டி கார் தொழிலின் மடி. அந்தத் தொகுதியின் உறுப்பினர் டேவிட் போனியர், 1993-ல் டெமாக்ரட் கொறடாவாக இருந்துகொண்டே தன் அதிபரின் நாஃப்டாவுக்கு எதிரான அணியை நடத்தினார். மேலே சொன்ன பிளவுக் குறி இதுதான். ஒபாமாவுக்கு 2008, 2012 இரண்டிலும் வாக்களித்த மெக்கோம், 2016-ல் டிரம்புக்கு 48,000-க்கும் மேல் முன்னிலை தந்தது. மிச்சிகன் முழுவதிலும் அவர் வென்ற வித்தியாசம் 10,704 தான்.

இங்கே நிறுத்திவிட்டு ‘வணிகம்தான் காரணம்’ என்று எழுதுபவர்கள் அதிகம். இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, பின்னோக்கிப் போங்கள்: 1972-ல் மிச்சிகன் டெமாக்ரட் முதல்நிலைத் தேர்தலை வென்றவர் வாலஸ், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பேருந்தில் மாற்றி அனுப்பிப் பள்ளிகளைக் கலக்கும் உத்தரவுமீது அப்போது புறநகர்கள் கொதித்துக்கொண்டிருந்தன. நாஃப்டாவுக்கு 21 ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. இரண்டு, பக்கத்தைப் பாருங்கள்: டெட்ராய்ட் இருக்கும் வெய்ன் கவுன்ட்டியில் 2012-ஐவிட 2016-ல் டெமாக்ரட் வாக்கு 75,000-க்கும் மேல் குறைந்தது. மெக்கோம் மாறியது பாதிக் கதை. வெய்ன் வாக்களிக்க வராதது மீதி.

முறை கைவந்துவிட்டதா என்று பார்க்க, அதே மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் நகரைக் கொண்ட கென்ட் கவுன்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்தான். ஆனால் 2016-ல் டிரம்பை ஆதரித்துவிட்டு, 2020-லும் 2024-லும் டெமாக்ரட் பக்கம் நின்றது. மெக்கோம் மூன்று முறையும் டிரம்போடு. இரண்டின் தொழில் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். தொழிலில் விடை கிடைக்காத இடத்தில் தேவாலயம், கல்லூரிப் படிப்பு, புதிதாகக் குடியேறியவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.