அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குமுன்: விசா, விலை, நல்ல கடை

டெக்சஸில் டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளானோ, இர்விங்கில் குடியேறும் நம்மவர்கள் மளிகைக் கடை, பள்ளிக்கூடம், கோவில் எல்லாம் விசாரித்து முடித்ததும் கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணா, வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கோம். விலை ஏறிக்கிட்டே போகுதாமே, இப்பவே வாங்கிடலாமா? எந்தக் கடைக்குப் போறது?”

பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு உடைக்கப்பட்ட வாரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். இந்தியர், ஆசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று குறிவைத்து டெக்சஸ், நியூ ஜெர்சி, மிச்சிகன் என மாநிலம் மாநிலமாகப் புகுந்த ஒரு கும்பல் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றிருக்கிறது. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். நகைக்காக மட்டும் யோசிப்பவர்கள் முதலில் வங்கியில் லாக்கர் கிடைக்கிறதா என்று பாருங்கள், அதற்கு ஆகும் செலவு குறைவு. அதையும் தாண்டி வாங்கத்தான் வேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள். திருடன் வருவான் என்ற பயமும் விலை ஏறிவிடும் என்ற பயமும் சேர்ந்து கடைக்குள் தள்ளும்போதுதான் தப்பான துப்பாக்கியைத் தப்பான விலைக்கு வாங்குகிறோம்.

விலையைப் பார்ப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எல்-1 (வேலை), எச்-4 (எச்-1பிக்காரரின் குடும்பம்), எஃப்-1 (படிப்பு), பி-2 (சுற்றுலா) என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம். 2022க்குப் பிறகு இதற்கு 15 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். “டெக்சஸில் லைசென்ஸே வேண்டாமாமே” என்று சொல்பவர்கள் மாநிலச் சட்டத்தைச் சொல்கிறார்கள். 2021 செப்டம்பர் முதல் இங்கே 21 வயதான, தடையில்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் ‘தடையில்லாத’ என்ற அந்தச் சொல்லிலேயே எச்-1பிக்காரர் வெளியே நின்றுவிடுகிறார்.

வைத்திருப்பது என்றால் சொந்தமாக வைத்திருப்பது மட்டும் இல்லை, கையில் எடுப்பதும் அதில் சேரும். இங்கே ஐடி கம்பெனிகளில் டீம் அவுட்டிங் என்று ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) கூட்டிப் போவார்கள். வாசலில் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு துப்பாக்கியை வாடகைக்குக் கொடுத்துவிடுவார்கள். பல இடங்களில் விசாவைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவில்லை என்பதால் குற்றம் இல்லை என்று ஆகாது. அதோடு படம் எடுத்து ஃபேஸ்புக்கிலும் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த நாளில் கூட்டாளிகளோடு சாப்பிட மட்டும் போங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் தற்காலிக விசாக்காரரும் வாங்கலாம். சட்டத்திலேயே இருக்கிற வழிதான் இது. இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் இந்த வழியில் போகாதீர்கள். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வைத்திருப்பவரையே நாடு கடத்த முடியும். கிரீன் கார்டு வரும்வரை பொறுங்கள் என்பதுதான் என் கருத்து. இந்தியர்களுக்கு அந்த வரிசை எத்தனை நீளம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காஸ்ட்கோவில் ஒருவர் கார்டில் நாலு வீட்டுக்குச் சாமான் வாங்குவது போல, கிரீன் கார்டு இருக்கிற மச்சானை விட்டுத் துப்பாக்கி வாங்கச் சொல்லக் கூடாது. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கிறார்கள். அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். வாங்க முடியாதவருக்காக வாங்கிக் கொடுப்பதற்கு 2022இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, அதற்கும் 15 ஆண்டுகள் வரை சிறை. உதவி கேட்கும் நண்பரிடம் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

விலை ஏன் ஏறுகிறது

இந்த வியாபாரத்தில் விலை பயத்தோடு சேர்ந்து ஏறும், பயம் தணிந்தால் இறங்கும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக் கொடுமைக்குப் பிறகு சட்டம் இறுகும் என்று ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். 2020இல் கொரோனா, கலவரம், தேர்தல் மூன்றும் ஒன்றாக வந்தன. அந்த ஒரே ஆண்டில் துப்பாக்கி தொடர்பாக எஃப்பிஐ மூலம் நடந்த பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 4 கோடி. அதற்கு முன் பத்து டாலர் பக்கம் விற்ற 50 தோட்டா உள்ள 9 எம்எம் (தோட்டாவின் குறுக்களவு) பெட்டி நாற்பது, ஐம்பது என்று போனது. அலமாரியெல்லாம் காலி. அப்போது முந்தியடித்து வாங்கியவர்கள் பல பேர், விலை இறங்கிய பிறகு அதே துப்பாக்கியை பாதி விலைக்குக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போதைய ஏற்றத்துக்குக் காரணம் கொஞ்சம் வேறு. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி கொடுப்பதை நிறுத்தினார்கள், மலிவான சரக்குக்கு அதோடு வழி அடைந்தது. யுக்ரைன் போருக்குப் பிறகு வெடிமருந்துக்கான நைட்ரோசெல்லுலோஸ் தட்டுப்பாடு வந்தது. 2025இல் எஃகு, அலுமினியம் மீதான இறக்குமதி வரி மார்ச்சில் 25 சதவீதம், ஜூனில் 50 சதவீதம் என்று போனது. துப்பாக்கிக் கம்பெனிகளில் கிளாக் ஆஸ்திரியாவிலிருந்து வந்தது, பெரெட்டா இத்தாலி, டாரஸ் பிரேசில், சிஇசட் செக் நாடு. இந்தக் கம்பெனிகளில் சில அமெரிக்காவிலும் தொழிற்சாலை வைத்திருக்கின்றன என்றாலும், வெளியிலிருந்து வரும் மாடலுக்கும் பாகங்களுக்கும் வரி உண்டு. இவை தவிர விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் மத்திய வரி ஒன்றும் இருக்கிறது: கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், நீளத் துப்பாக்கிக்கும் (ரைஃபிள், ஷாட்கன்) தோட்டாவுக்கும் 11. அது காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. கலிஃபோர்னியா 2024 ஜூலை முதல் அதன் மேல் இன்னொரு 11 சதவீதம் போட்டிருக்கிறது.

ஆனாலும் இந்த ஏற்றமெல்லாம் படிப்படியாக வருவது. அடுத்த வாரம் இரட்டிப்பாகிவிடும் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கிளாக் 19 போன்ற ஒரு சாதாரண 9 எம்எம் பிஸ்டல் புதிதாக 550 முதல் 650 டாலருக்குள் கிடைக்கும். மாவெரிக் 88 போன்ற எளிய ஷாட்கன் 250 டாலர் வாக்கில். 50 தோட்டா பெட்டி பதினைந்து டாலர் பக்கம். முதல் துப்பாக்கிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க எந்த அவசியமும் இல்லை.

கடையை எப்படி எடைபோடுவது

கவுன்டரில் நிற்பவர் துப்பாக்கியை உங்கள் கையில் கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். நல்ல கடைக்காரர் முதலில் மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றி வைப்பார். மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டுவார். உள்ளே தோட்டா இல்லை என்பதைத் தானும் பார்த்து, உங்களுக்கும் காட்டி, குழல் யாரையும் நோக்காமல் திருப்பிக் கொடுப்பார். நீங்கள் விரலை டிரிகர் மேல் வைத்தால் மரியாதையாகத் திருத்துவார். இதில் எதையும் செய்யாமல் நீட்டுகிற கடையில் 50 டாலர் குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

அப்புறம் அவர் கேட்கும் கேள்விகள். எதற்காக வாங்குகிறீர்கள், வீட்டில் குழந்தைகள் உண்டா, இதற்கு முன் சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டால் நல்ல அறிகுறி. எனக்குத் தெரிந்த ஒரு வயதான கடைக்காரர் புதிதாக வருபவர்களிடம், “முதலில் ரேஞ்சில் மூன்று மாடல்களை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், பிறகு வாருங்கள்” என்று அனுப்பிவிடுவார். சிலர் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தும் அப்படித்தான் செய்கிறார். அவருடைய கடையில் விலை ஊரிலேயே குறைவு என்று சொல்லமுடியாது, ஆனாலும் நான் எல்லோரையும் அங்கேதான் அனுப்புகிறேன். மனைவியோடு போனால் மனைவியிடமும் பேசுகிற கடையாக இருக்க வேண்டும். அவர் கைக்குப் பொருந்துவதைக் காட்டாமல், “லேடீஸ் மாடல்” என்று கைக்கு அடங்காமல் உதைக்கும் ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறவரிடம் விடைபெற்றுவிடுங்கள்.

புதிய துப்பாக்கியில் கடைக்கு நிற்கும் லாபம் குறைவு. உறை, விளக்கு, சுத்தம் செய்யும் பெட்டி, விலை உயர்ந்த தோட்டா இவற்றில்தான் சம்பாதிப்பார்கள். அதில் தப்பில்லை, அவர்களும் பிழைக்க வேண்டுமே. எது தேவை, எது தேவையில்லை என்று கேட்டு வாங்குங்கள், போதும்.

விலையைக் கேட்கும்போது, “வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து கையில் வரும்போது எவ்வளவு?” என்று கேளுங்கள். கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். கடையில் 599 டாலர் பிஸ்டல், இங்கே 8.25 சதவீத விற்பனை வரி சேர்ந்தால் 648. கிரெடிட் கார்டுக்கு 3 சதவீதம் போடும் கடையென்றால் 668. அதே பிஸ்டல் ஆன்லைனில் 529 என்று தெரிகிறது. ஆனால் ஆன்லைனில் வாங்கினாலும் அது வீட்டுக்கு வராது, உரிமம் பெற்ற உள்ளூர் டீலரிடம்தான் வரும். அனுப்பும் செலவு 15, உங்கள் பெயருக்கு மாற்றித் தர டீலருக்குக் கட்டணம் 40, வரி என்று கூட்டினால் 628. ரொக்கமாகக் கொடுத்தால் வித்தியாசம் 20 டாலர். பழுது வந்தால் கொண்டுபோய் நிற்க ஒரு கடை வேண்டுமென்று நான் உள்ளூரிலேயே வாங்குவேன். வித்தியாசம் நூறைத் தாண்டினால் ஆன்லைன் விலையைக் கடைக்காரரிடம் காட்டிப் பேசிப் பாருங்கள். பலர் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

பழைய துப்பாக்கி பார்க்கிறவர்கள் துப்பாக்கி ஏல இணையதளமான கன்புரோக்கரில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கடைக்கு உண்மையில் உரிமம் இருக்கிறதா என்பதை துப்பாக்கி வியாபாரத்துக்கு உரிமம் கொடுக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்-இன் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். துப்பாக்கிக் கண்காட்சியிலோ வாகன நிறுத்தத்திலோ முன்பின் தெரியாத தனியாளிடம் வாங்காதீர்கள். அது திருட்டுப் பொருளாக இருந்தால் பதில் சொல்வது நீங்கள், அதுவும் கிரீன் கார்டை வைத்துக்கொண்டு.

படிவமும் நம் பெயரும்

கிரீன் கார்டும், இப்போதைய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமமும் எடுத்துப் போங்கள். வீடு மாறியிருந்தால் முதலில் உரிமத்தில் முகவரியை மாற்றுங்கள். நம் பெயர்தான் இங்கே பெரிய சிக்கல். ஒன்றில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இன்னொன்றில் இனிஷியல் விரிந்திருக்கும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் கடைக்காரர் எஃப்பிஐ மூலம் செய்யும் பின்னணிச் சோதனை இழுக்கும். குடியுரிமை இல்லாத எல்லோருக்கும் எஃப்பிஐ குடியேற்றப் பதிவையும் சேர்த்துப் பார்க்கும் என்பதால், ‘தாமதம்’ என்று பதில் வந்தால் பதற வேண்டாம். மறுப்பு வேறு, தாமதம் வேறு. மூன்று வேலை நாட்களில் பதில் வராவிட்டால் துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்று சட்டம் கடைக்காரரை அனுமதிக்கிறது, இருந்தாலும் பதில் வரும்வரை காத்திருக்கும் கடைகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் இப்படியே ஆனால் எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து ஒரு தனி எண் வாங்கிக்கொள்ளலாம். கஞ்சா பற்றிய கேள்விக்கும் கவனம் தேவை. உங்கள் மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டம் அனுமதிக்கவில்லை என்று படிவத்திலேயே எழுதியிருக்கும்.

இதெல்லாம் டெக்சஸ் கதை. நியூ ஜெர்சியில் முதலில் போலீஸ் மூலம் வாங்குபவர் அடையாள அட்டை, ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி. இல்லினாயில் மாநில போலீஸ் கொடுக்கும் அட்டை. கலிஃபோர்னியாவில் பரீட்சை எழுதிச் சான்றிதழ், பத்து நாள் காத்திருப்பு. நியூ ஜெர்சி எடிசனில் இருப்பவர் டாலஸ் மச்சான் வீட்டுக்கு வந்தபோது இங்கே கைத்துப்பாக்கி வாங்கிப் போக முடியாது. கைத்துப்பாக்கியை அவரவர் குடியிருக்கும் மாநிலத்தில்தான் வாங்க வேண்டும்.

வாங்கும் தொகையில் பாதுகாப்புப் பெட்டிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். கைத்துப்பாக்கியோடு கடைக்காரர் ஒரு பூட்டுக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய சட்டம். ஆனால் அந்தக் கேபிள் பூட்டு மட்டும் போதாது. டெக்சஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி சுடத் தயாரான துப்பாக்கியை விட்டு வைப்பது குற்றம், துப்பாக்கிக் கடைகளில் அந்த எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கும். பெட்டிக்கு 2021 முதல் இங்கே விற்பனை வரியும் கிடையாது.

ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் தங்க வருகிறார்கள் என்றால் அவர்கள் பி-2 விசாவில் இருப்பவர்கள். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொண்டு பகலெல்லாம் வீட்டில் இருப்பதும் அவர்கள்தான். பெட்டியின் எண்ணையோ சாவியையோ அவர்களிடம் கொடுக்காதீர்கள். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். வீட்டில் யாராவது எச்-4இல் இருந்தாலும் இதே கவனம் வேண்டும், திறக்கும் வழி அவர்கள் கையில் இருந்தாலே வைத்திருப்பதாகக் கணக்கில் வரலாம். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பயணிகளின் பையில் துப்பாக்கி சிக்குவதில் டாலஸ் விமான நிலையம் ஆண்டுதோறும் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. ஓரத்தில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டாவும் ஸ்கேனில் தெரிந்துவிடும். அதோடு அந்தப் பை சென்னை வரை போய்விட்டால் அங்கே இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு.