கூட்டுத் தரவுத் திட்டங்கள் இடறும் இடங்கள்: உயிரியல் ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பணியில் பல நாடுகளின் ஆய்வகங்கள் இறங்கியிருந்தபோது, 1996 பிப்ரவரியில் அவற்றின் பொறுப்பாளர்கள் பெர்முடாவில் கூடினார்கள். ஆயிரம் எழுத்துகளுக்கு மேல் நீளமுள்ள டி.என்.ஏ. தொடர் எதுவாயினும் 24 மணி நேரத்துக்குள் பொதுத் தரவுத்தளத்தில் இடப்பட வேண்டும் என்று மரபணு ஆய்வாளர்கள் ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் முன்வைத்த விதி அங்கே ஏற்கப்பட்டது. அதற்கு முன் அமெரிக்காவில் அரசு நிதி பெற்றவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. உயிரியலில் பலர் சேர்ந்து தரவு திரட்டும் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கூட்டத்தை முதலில் குறிப்பிட வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. தரவின் பெரும்பகுதி உருவாவதற்கு முன்பே, அதை யார், எப்போது, எங்கே வெளியிடுவது என்பதைச் சில வரிகளில் எழுதி ஒப்புக்கொண்ட பிறகே அவர்கள் கலைந்தார்கள். இன்று முறிந்துபோகும் பல கூட்டுத் திட்டங்களின் சிக்கல், இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதில்தான் தொடங்குகிறது.

மாநாட்டு இடைவேளையில் இரண்டு ஆய்வகத்தார் சந்தித்து, "உங்கள் மாதிரிகளை அனுப்புங்கள், நாங்கள் வரிசைப்படுத்தித் தருகிறோம்" என்று, அதாவது டி.என்.ஏ. எழுத்துகளின் வரிசையைப் படித்துத் தருவதாக, பேசி முடிப்பது நல்ல தொடக்கம்தான். அதை எழுத்தில் கொண்டுவராமல் மாதிரிகளை அனுப்பிவிடுவதுதான் முதல் தவறு. முதல் கட்டுரையை யார் எழுதுவது, எத்தனை மாதங்களுக்குள் எழுதுவது, அதற்குள் மூன்றாவது குழு ஒன்று அந்தத் தரவைப் பயன்படுத்தலாமா, திட்டத்திலிருந்து ஒருவர் விலகினால் அவருடைய மாதிரிகள் என்னவாகும் ஆகிய கேள்விகளுக்கு, எல்லோரும் நட்போடு இருக்கும் நாளில் ஒரே பக்கத்தில் பதில் எழுதிவிடலாம். முடிவுகள் வந்த பிறகு அதே கேள்விகளுக்குப் பதில் காண ஆண்டுகள் ஆகும். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் நடந்த கூட்டம் இந்தப் பொறுப்பை மூன்று தரப்பினருக்கும் பிரித்துக் கொடுத்தது. நிதி தருவோர் திறந்த வெளியீட்டை வலியுறுத்த வேண்டும். தரவை உருவாக்குவோர் தங்கள் திட்டத்தையும் நோக்கத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பயன்படுத்துவோர் அந்த அறிவிப்பை மதித்து, உருவாக்கியவர்களின் முதல் ஆய்வுக்கு இடம் விட வேண்டும். மூன்றாம் தரப்பு தன் பங்கை மறந்தால் மற்ற இருவரும் அடுத்த முறை கதவைச் சாத்திவிடுவார்கள்.

அப்படிக் கதவு சாத்தப்பட்டதற்குச் சான்று உண்டு. இந்தோனேசியா தன் நாட்டில் பரவிய ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார அமைப்பின் வலையமைப்புக்கு அனுப்பி வந்தது. அந்த மாதிரிகளைக் கொண்டு வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி உருவாக்குகிறது என்றும், அது தன் மக்களுக்கு எட்டும் விலையில் கிடைக்க வழியில்லை என்றும் அறிந்தபின், 2007 வாக்கில் அனுப்புவதையே நிறுத்தியது. பெருந்தொற்று அச்சம் நிலவிய காலத்தில் அது எல்லோருக்கும் ஆபத்தான நிறுத்தம். ஆயினும் பயனில் பங்கு என்ன என்று எழுதாமலே மாதிரியைக் கேட்ட ஏற்பாட்டிலும் பிழை இருந்தது என்பதை மறுக்க முடியாது. 2011 மே மாதத்தில்தான் அதற்கான பொது உடன்பாடு உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டது. வளமான ஆய்வகம் ஏழை நாட்டின் மாதிரியைக் கேட்கும் ஒவ்வொரு திட்டத்திலும் சிறிய அளவில் இதே கேள்வி இருக்கிறது.

அடுத்த தவறு அதிகம் பேசப்படாதது, ஆனால் என் கணிப்பில் மிகுந்த சேதம் விளைவிப்பது. தரவைச் சேமித்துவிட்டு, அது எப்படி உருவானது என்ற விவரத்தைச் சேமிக்காமல் விடுவதே அது. எந்த நாளில், எந்தக் கருவியில், எந்த வேதிப்பொருள் தொகுப்பைக் கொண்டு, யார் கையால் மாதிரி தயாரானது என்பவை முடிவுகளையே மாற்றக்கூடியவை. 2014 இறுதியில் மனிதனையும் எலியையும் ஒப்பிட்ட பெரிய கூட்டுத் திட்டம் ஒன்று, மரபணுக்களின் வெளிப்பாடு, அதாவது எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பது, உறுப்பைவிட இனத்தையே அதிகம் பின்பற்றுகிறது என்று அறிவித்தது. அதாவது எலியின் இதயம் மனித இதயத்தைவிட எலியின் கல்லீரலையே அதிகம் ஒத்திருக்கிறது என்பது போன்ற முடிவு. 2015-இல் அத்திட்டத்தில் சேராத ஆய்வாளர்கள் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராகி-மானும் மூலக் கோப்புகளைத் திறந்து, ஒவ்வொரு தொடரின் அடையாள வரியிலும் பதிந்திருந்த கருவி எண்ணையும் ஓட்ட எண்ணையும் (ஓட்டம் என்பது கருவியை ஒருமுறை இயக்கி மாதிரிகளைப் படிப்பது) படித்தார்கள். மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனி ஓட்டங்களில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்து நீக்கியபோது மாதிரிகள் உறுப்பு வாரியாகவே சேர்ந்தன. முதல் குழு தன் வடிவமைப்பு நியாயமானதே என்று வாதிட்டது, விவாதம் தொடர்ந்தது.

இந்த நிகழ்விலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பிட வேண்டிய இரு குழுக்களையும் ஒரே ஓட்டத்தில் கலந்து வைக்காவிட்டால், பின்னால் எந்தப் புள்ளியியல் முறையாலும் இனத்தின் விளைவையும் ஓட்டத்தின் விளைவையும் முழுமையாகப் பிரிக்க இயலாது. எனவே மாதிரிகளை எப்படிக் கலந்து வைப்பது என்பது திட்டத்தின் முதல் கூட்டத்திலேயே முடிவாக வேண்டும். அத்துடன், மூலக் கோப்புகள் மாற்றமின்றிப் பொதுவில் இருந்ததால்தான் வெளியாட்கள் இந்த ஐயத்தை எழுப்பவே முடிந்தது. பெயர்களைச் சீர்செய்து, அடையாள வரிகளை வெட்டி, இறுதி அட்டவணையை மட்டும் வெளியிட்டிருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது. ஆகவே தூய்மைப்படுத்திய கோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது.

எக்செல் விரிதாளைப் பற்றிய எச்சரிக்கை பழையது. இருந்தும் ஒவ்வொரு புதிய மாணவரிடமும் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. மார்ச்1, செப்ட்2 என்ற பெயருடைய மரபணுக்களை அந்த மென்பொருள் தானாகவே தேதிகளாக மாற்றிவிடும். 2004-இலேயே இது சுட்டிக்காட்டப்பட்டது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருப்பதைக் கண்டது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றி, 2020-இல் அதற்கான வழிகாட்டலையும் வெளியிட்டது. பல ஆய்வகங்களிலிருந்து வரும் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் திட்டத்தில், பகிர்வுக்கு எளிய உரைக் கோப்பை மட்டுமே ஏற்போம் என்று விதி செய்வது நல்லது.

இடக்குறிப்புகளும் இவ்வாறே பிழைபடும். நீலகிரி வரையாட்டைக் கண்ட இடத்தை வடக்கு 11 பாகை, கிழக்கு 76 பாகை என்று குறிக்க வேண்டியவர் இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், அந்த ஆடு நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் நிற்கும். காலியாக விடப்பட்ட கட்டங்கள் சுழியங்களாக நிரப்பப்பட்டால் காட்டு விலங்குகள், இரு பாகைகளும் சுழியமாகும் இடமான ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் மிதக்கும். பல்லுயிர்ப் பதிவுகளுக்கு 2009 முதல் டார்வின் கோர் என்ற பொதுத் தரம் இருக்கிறது. அதை விட்டு ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி நிரல்தலைப்பு வைப்பது, இணைப்பவரின் தலையில் மாதக்கணக்கான வேலையைச் சுமத்துவதாகும்.

திறந்த தரவை ஆதரிப்பவர்கள் எதிர்த்திசையில் செய்யும் தவறும் உண்டு. 1999-இல் விவரிக்கப்பட்ட கோனியூரோசாரஸ் லூயி என்ற குகைப் பல்லி, அதன் இருப்பிடம் அறிவியல் கட்டுரை வழியே தெரியவந்த பிறகு, செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டு, தென்கிழக்குச் சீனாவில் முதலில் கண்டறியப்பட்ட அந்த இடத்திலேயே அற்றுப்போனது. அரிய உயிரினங்களின் இடத்தைத் துல்லியம் குறைத்து வெளியிடுவதை மறைப்பு என்று குறை கூறுவது சரியாகாது. மனித மாதிரிகளில் இந்தக் கவனம் இன்னும் கூர்மையாக வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹவாசுப்பாய் பழங்குடி மக்கள் நீரிழிவு ஆய்வுக்காக என்று எண்ணித் தந்த இரத்தம், மனச்சிதைவு, மக்கள் இடப்பெயர்ச்சி போன்ற அவர்கள் அறியாத ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடும், எஞ்சிய மாதிரிகளைத் திருப்பித் தருவதோடும் வழக்கு முடிந்தது. ஒப்புதல் படிவத்தின் சொற்கள் எவ்வளவு விரிவாக இருந்தாலும், தந்தவர் எதைப் புரிந்துகொண்டு தந்தார் என்பதே இங்கே அளவுகோலாக வேண்டும்.

மாநாட்டு மேடைக்குரிய கவனங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1931-இல் தொடங்கிய கார்டன் ஆராய்ச்சி மாநாடுகளில் உரைகளைப் பதிவு செய்யவோ படம் எடுக்கவோ அனுமதியில்லை. வெளியாகாத முடிவுகளை அச்சமின்றிப் பேசுவதற்காகவே அந்த விதி. எல்லா மாநாடுகளுக்கும் அந்த விதி இல்லை. ஆகவே கூட்டுத் திட்டத்தின் தரவைக் காட்டுபவர் மற்ற பங்காளிகளின் இசைவை முன்பே பெற வேண்டும். போஸ்டரைப் படமெடுக்க விரும்புபவர் அருகில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். காப்புரிமை எண்ணம் இருந்தால் விண்ணப்பித்த பின்பே மேடையேற வேண்டும். பொதுவில் சொன்ன பிறகு விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் ஓராண்டு சலுகை தருகிறது. ஐரோப்பியச் சட்டத்தின்படி பொதுவில் சொன்ன அன்றே, காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும்.

இறுதியாக, பிறர் தரவைப் பயன்படுத்தும்போது பெயரைக் குறுக்கும் தவறு. கோபன்ஹேகனில் செயலகம் கொண்ட உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பான ஜிபிஐஎஃப் ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் நிலையான ஓர் எண்ணைத் தருகிறது. கட்டுரையில் அமைப்பின் பெயரை மட்டும் போட்டுவிட்டு அந்த எண்ணை விட்டுவிட்டால், பதிவுகளைத் திரட்டிய அருங்காட்சியகங்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் உரிய மதிப்பு சென்று சேராது. அதே தரவை மீண்டும் எடுத்துச் சரிபார்க்கவும் வழியிருக்காது. மக்கள் குழுவின் பெயரைக் குறுக்கும்போது அறிவியலே பிழையாகிறது. 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத் தொகுதிகளை வெளியிட்ட ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில், எஸ்டியூ என்ற குறியீடு பெற்ற குழுவின் முழுப்பெயர் 'ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்' என்பதாகும். ஒரு குறிப்பிட்ட நாட்டில், குடிபெயர்ந்த ஒரு சமூகத்திலிருந்து, முன்வந்தவர்களிடம் பெறப்பட்ட மாதிரிகள் அவை. அவற்றைத் 'தமிழர்' என்றோ 'தென்னாசியர்' என்றோ குறிக்கும் கட்டுரை, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் தமிழ்நாட்டின் பல சாதிகளிலும் ஊர்களிலும் உள்ளவர்களைப் பற்றி, அவர்களிடம் ஒரு துளி மாதிரியும் பெறாமல் முடிவு சொல்லிவிடுகிறது. முழுப்பெயரை ஒருமுறையாவது கட்டுரையின் முறையியல் பகுதியில் எழுதி, படங்களின் விளக்கத்திலும் அதே பெயரைக் காக்க வேண்டும்.