சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்பி வர: டர்பன் சமையலறையிலிருந்து ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்த ஜனவரியில், மூன்று நாள் தொடர்ந்து அவளுடைய சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வந்தது. முதல் நாள் இட்லி, மறுநாள் எலுமிச்சைச் சாதம், அதற்கு மறுநாள் அவளுக்கு உயிரான உருளைக்கிழங்கு ரொட்டி. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் சமையலை மாற்றிக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் மாலை அவளைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்து, "நீயே திற, பார்ப்போம்" என்றேன். மூடியின் நான்கு கொக்கிகளில் இரண்டை நெம்பிவிட்டாள். மூன்றாவதில் நகம் வழுக்கியது. டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இழுத்தாள், திறக்கவில்லை. மூன்று நாளும் பசியோடு இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எனவே புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு நான் சொல்வது, சமைப்பதற்கு முன்னால் டப்பாவைப் பாருங்கள் என்பதுதான்.

முதல் படி: டப்பாவும் அளவும்

பிள்ளை தன் கையால் திறந்து மூடக்கூடிய டப்பாவாக வாங்குங்கள். தண்ணீர்ப் போத்தலும் அப்படியே. பிறகு ஒரு மாலை, பள்ளிக்குக் கட்டித்தரும் உணவையே வீட்டில் ஆறவைத்துக் கொடுத்து, பத்து நிமிடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று கவனியுங்கள். இடைவேளை குறுகியது, அதில் பாதியை விளையாட்டு எடுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் சாப்பிட்ட அளவுதான் டப்பாவின் அளவு. என் மகளுக்கு அது ஒன்றரை ரொட்டியும் ஒரு பழமும். தட்டு நிறையக் கொடுத்தால்தான் தாய்மனம் ஆறுகிறது, தெரியும். ஆனால் நிரம்பிய டப்பாவைப் பார்த்தே சில பிள்ளைகள் மூடிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: பீன்ஸ் ரொட்டிச் சுருள்

டர்பனில் பீன்ஸ் கறி இல்லாத தமிழ் வீடு ஏது? அதற்கு நாங்கள் எடுப்பது சுகர் பீன்ஸ், ராஜ்மா போன்ற உலர்ந்த பயறு. விலை குறைவு. புரதமும் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் உள்ளது. அதை ரொட்டியில் சுருட்டினால் ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வசதி.

ஒரு கப் பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்த பிறகே குக்கரில் போட்டு மெத்தென்று வேகவையுங்கள். ராஜ்மா இனத்துப் பயறுகளை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்; அந்த நச்சை முறிப்பது கொதிநிலைதான்.

இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, ஒரு வெங்காயம், இஞ்சி பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள் தூள் சேர்த்து வதக்குங்கள். நம் ஊர் மசாலா காரமானது. பிள்ளைக்குக் கால் தேக்கரண்டி போதும். பீன்ஸையும் உப்பையும் சேர்த்து, பாதியைக் கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள். இப்போது கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அடிச்சட்டி தெரிந்து கோடு அப்படியே நின்றால் பதம் சரி. சாறு ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் வற்ற வேண்டும். அந்தச் சாறுதான் பள்ளியில் ரொட்டியை நனைத்துக் கூழாக்கும்.

ரொட்டிக்கு ஒரு கப் மாவு, உப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். கொதிக்கும் தண்ணீரை ஏறக்குறைய அரைக் கப், சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து இருபது நிமிடம் மூடிவையுங்கள். வெந்நீரில் மாவு கூடுதல் ஈரம் பிடிப்பதால்தான் ரொட்டி ஆறினாலும் விறைப்பதில்லை. சுட்டதும் துணியில் சுற்றுங்கள். முழுவதும் ஆறிய பிறகே பீன்ஸ் இரண்டு மேசைக்கரண்டி, துருவிய கேரட் கொஞ்சம் வைத்து இறுகச் சுருட்டி, இரண்டாக வெட்டி, பட்டர் பேப்பரில் பொதியுங்கள். சூடாக மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும்.

மூன்றாம் படி: பழம்

பீன்ஸில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். எனவே குளிர்காலத்தில் நார்ச்சி (தோல் எளிதில் உரியும் சிறு ஆரஞ்சு) அல்லது கொய்யா வையுங்கள். நார்ச்சி என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்தச் சொல் நம் நாரத்தையிலிருந்து ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்குப் போனது என்று அகராதிகள் சொல்கின்றன. மகளுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து அதை அவள் "நம்ம பழம்" என்கிறாள். உரிக்கத் தொடங்கும் இடத்தில் தோலை நீங்கள் சற்றுக் கீறி வையுங்கள். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். முழு வேர்க்கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். கடலை வெண்ணெய் வைப்பதாக இருந்தால், ஒவ்வாமை விதி ஏதும் உண்டா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

குடிக்கத் தண்ணீர் போதும். 100 மில்லி லிட்டரில் 4 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் தென்னாப்பிரிக்க அரசு தனி வரி வசூலிக்கிறது. அதே பானத்தை நாமே பையில் வைத்து அனுப்ப வேண்டாமே.

நான்காம் படி: வெயில்

பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். முக்கால் அளவு நிரப்பிய தண்ணீர்ப் போத்தலை இரவில் ஃப்ரீசரில் படுக்கவைத்து, காலையில் டப்பாவை ஒட்டிப் பையில் வையுங்கள். உணவு குளிர்ந்திருக்கும், இடைவேளைக்குள் குடிக்கத் தண்ணீரும் உருகியிருக்கும். கோழி, முட்டை, தயிர்ச்சாதம் கட்டும் நாளில் இது கட்டாயம்.

ஐந்தாம் படி: திரும்பி வரும் டப்பா

மாலையில் திட்டாமல் திறந்து பாருங்கள். ஓரம் மட்டும் கடித்திருந்தால் ரொட்டி விறைத்திருக்கிறது. உள்ளிருப்பதை மட்டும் தின்றிருந்தால் ரொட்டியை மெல்லியதாக இடுங்கள். தொடவே இல்லையென்றால், "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்காமல், "இன்று இடைவேளையில் யாரோடு இருந்தாய்?" என்று கேளுங்கள். சில நாள் காரணம் உணவில் இருக்காது. பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்தியிருக்கலாம். அப்படி நடந்த ஒரு வாரம் என் மகளுக்கு இரண்டு சுருள் கூடுதலாகக் கட்டிக்கொடுத்தேன், தோழிகளோடு பகிர. வெள்ளிக்கிழமை ஒரு சிறுமி, இன்னொன்று உண்டா என்று கேட்டனுப்பினாள்.

மீந்த பீன்ஸ் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால், ஒரு நாளைக்கு ஒன்று என்று சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். முந்தின இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தால் காலைக்குள் பதமாகிவிடும்.