துபாயை ஒரே நாளில் மெட்ரோவில் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

துபாய்க்கு முதல் தடவை போகிறவர்கள் பலரும் காலையில் எழுந்ததும் நேராக புர்ஜ் கலீஃபாவுக்கு ஓடுகிறார்கள். அதை முடித்துவிட்டு உச்சி வெயிலில் பழைய கடைத்தெருவுக்கு வந்து, அரை மணி நேரத்தில் தலைவலியோடு அறைக்குத் திரும்புகிறார்கள். பாலைவன ஊரில் வெயிலைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். காலையில் பழைய துபாய், மதியம் ஏசிக்குள், சாயங்காலம் கோபுரமும் நீரூற்றும். இந்த வரிசையில் போனால் குழந்தைகள், வயதானவர்கள்கூட களைக்காமல் சுற்றலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மிராக்கிள் கார்டன் என்ற பூந்தோட்டம், குளோபல் வில்லேஜ் என்ற பல நாட்டுக் கடைகள் கொண்ட திருவிழாத் திடல் இரண்டும் குளிர் மாதங்களில் மட்டும்தான் திறந்திருக்கும்.

1. முதலில் நோல் கார்டு

எந்த மெட்ரோ நிலையத்திலும் சில்வர் நோல் கார்டு கிடைக்கும். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் கதவருகே கார்டைத் தொட வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு, கூடுதல் கட்டணமுள்ள கோல்டு வகுப்புக்கும் தனிப் பெட்டி உண்டு. தரையில் இருக்கும் கோட்டைப் பார்த்து ஏறுங்கள், மாறி ஏறினால் அபராதம். ரயிலுக்குள் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. சூயிங்கம்கூட ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெட்ரோ காலை 8 மணிக்குத்தான் கிளம்பும், மற்ற நாள்களில் 5 மணிக்கே ஓடும். அதனால் இந்தத் திட்டத்துக்கு ஞாயிறு வேண்டாம்.

2. காலை: கிரீக் ஓரம்

பச்சை வழித்தடத்தில் அல் குபைபா நிலையத்தில் இறங்குங்கள். கிரீக் எனப்படும் கடல் கழி ஊருக்குள் நீண்டு வருகிறது. இந்த ஊர் பிறந்து வளர்ந்ததே இதன் கரையில்தான். இந்தப் பக்கம் பர் துபாய், எதிர்க்கரை தேரா. தண்ணீர் ஓரமாகவே நடந்து, துணிக்கடைத் தெருவைத் தாண்டினால் அல் ஃபஹீதி பகுதி வரும். 1787-இல் கட்டிய கோட்டை இங்கேதான் இருக்கிறது.

இங்கே அவசரப்படாதீர்கள். எனக்கு துபாயில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சந்துகள் வேண்டுமென்றே குறுகலாகக் கட்டப்பட்டவை. இரண்டு பக்கச் சுவரும் ஒன்றுக்கொன்று நிழல் தரும். ஈரானிலிருந்து வந்த வணிகர்கள் பவளக் கல்லாலும் சுண்ணத்தாலும் கட்டிய வீடுகள் இவை. பல கூரைகளில் சதுரமான காற்றுக் கோபுரம் தெரியும், அதன் பெயர் பர்ஜீல். நாலு பக்கமும் திறப்பு, உள்ளே குறுக்குச் சுவர்கள். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அது பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும், உள்ளே இருக்கும் சூடான காற்று மறுபக்கமாக மேலேறி வெளியே போய்விடும். அப்படி ஒரு கோபுரத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். காற்று இருக்கும் நாளாக இருந்தால் முகத்திலேயே தெரியும்.

3. ஒரு திர்ஹத்தில் அக்கரை

பர் துபாய் துறைக்கு வந்து, தேரா ஓல்டு சூக் போகும் அப்ராவில் ஏறுங்கள். அப்ரா என்பது கூரை போட்ட சின்ன மரப்படகு. நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிய பலகையில் தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டும். கட்டணம் ஒரு திர்ஹம், படகுக்காரர் கையில் கொடுத்தால் போதும். சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடப் பயணம்தான், ஆனால் எத்தனை தடவை போனாலும் அலுக்காது.

இறங்கியதும் எதிரே மசாலா சூக். சூக் என்றால் கடைத்தெரு. காய்ந்து கறுத்த எலுமிச்சை குவியலாக இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது, உடைத்து மோந்தால் புளிப்பு வாசனை மூக்கில் ஏறும். ஈரானியக் குங்குமப்பூவும் கிடைக்கும், ஆனால் முதல் கடையிலேயே வாங்க வேண்டாம். நாலு கடை விசாரியுங்கள்.

கொஞ்சம் நடந்தால் தங்க சூக். கிராம் விலை அன்றன்றைக்கு அறிவிக்கப்படும், கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் பேரம் முழுவதும் செய்கூலியில்தான். அதைத் தனியாகக் கேளுங்கள், தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள். பில் போடும் முன்பே பாஸ்போர்ட்டைக் காட்டி, சுற்றுலாப் பயணி என்ற முறையில் வரியைத் திரும்பப் பெறப் பதியச் சொல்ல வேண்டும். பிறகு கேட்டால் சிக்கல். 5 சதவீத வாட் வரியில் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். வாங்கப் போவதில்லை என்றாலும், கண்ணாடிக்குள் இருக்கும் சுமார் 64 கிலோ எடையுள்ள மோதிரத்தைப் பார்க்கக் காசு கிடையாது.

4. மதியம்: சாப்பாடு, அப்புறம் ஏசி

மதியம் சூக்கில் பல கடைகளைச் சாத்திவிடுவார்கள். நீங்களும் கிளம்புங்கள். அல் ராஸ் நிலையத்தில் ஏறினால் ரயில் கிரீக்குக்கு அடியில் சுரங்கத்தில் போகும். பர்ஜுமானில் இறங்கினால் பக்கத்திலேயே கராமா என்ற பகுதி. தமிழ்நாட்டுச் சாப்பாடு, மலையாளிக் கடை மீன் குழம்பு எல்லாம் இங்கே கிடைக்கும்.

சாப்பிட்டதும் சிவப்பு வழித்தடத்தில் புர்ஜ் கலீஃபா / துபாய் மால் நிலையம். அங்கிருந்து மாலுக்கு மூடிய ஏசிப் பாலம் உண்டு, நீளம் அதிகம். வயதானவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். மாலுக்குள் ராட்சத மீன் தொட்டியின் முன்பக்கத்தைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், சுறாவும் திருக்கையும் வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும்.

5. சாயங்காலம்: மேலே போவதா, கீழே நிற்பதா?

828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா 2010 ஜனவரியில் திறக்கப்பட்டது. மேலே போக விரும்பினால் 124, 125-ஆம் தளங்களுக்கான டிக்கெட்டே தாராளம், 148-ஆம் தளத்துக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. சூரியன் மறையும் நேரத்துக்கு விலை கூடுதல், சீக்கிரம் தீர்ந்தும்விடும். ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள்.

குடும்பமாகப் போய்க் கை கடிக்கிறது என்றால், ஜபீல் பூங்காவில் இருக்கும் துபாய் ஃபிரேமை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 150 மீட்டர் உயரம்தான், ஆனால் ஒரு பக்கம் பழைய தேரா, மறுபக்கம் ஷேக் சயீத் சாலையின் கோபுரங்கள். புர்ஜ் கலீஃபாவும் காட்சிக்குள் வரும். டிக்கெட் விலையும் குறைவு.

இருட்டியதும் புர்ஜ் கலீஃபாவின் அடியில் இருக்கும் ஏரிக்கரைக்கு வாருங்கள். பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. முதல் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலையும், அப்போது முன்னே நகர்ந்து அடுத்ததைப் பாருங்கள். திரும்பும்போது மெட்ரோ நேரத்தை மறக்க வேண்டாம்: வெள்ளிக்கிழமை நள்ளிரவு 1 மணி வரை, மற்ற நாள்களில் 12 மணி வரை. மாலிலிருந்து நிலையத்துக்கு நடக்க இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.